மலைமேல் மாட்டுக்கு ஓட்ஸ்: எந்த ரகம், எப்போது அறுப்பது?

நீலகிரியிலோ கொடைக்கானல் மேல்மலையிலோ புதிதாக மாடு வாங்கிக் கட்டியவர்கள் பெரும்பாலும் விதைக்கடையில் போய் நின்றுகொண்டு, "எது அதிக விளைச்சல் தரும்?" என்றுதான் கேட்கிறார்கள். மலையில் அந்தக் கேள்வியை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். எந்த மாதத்தில் தீவனம் இல்லாமல் திண்டாடப் போகிறீர்கள், அந்த மாதத்தில் மாட்டுக்குப் பச்சையாகப் போடப் போகிறீர்களா, சைலேஜாக (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பச்சைத் தீவனமாக) போடப் போகிறீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அறுவடை நாள் தெரிந்துவிடும். அறுவடை நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் விதைப்பு நாள் கிடைக்கும். ரகம் தானாக வந்து நிற்கும்.

சமவெளியிலிருந்து வருபவர்கள் கையோடு கொண்டுவருவது கம்பு நேப்பியர் புல்லின் கரணையும் தீவனச் சோள விதையும்தான். கோயம்புத்தூரில் அவை நல்ல தீவனம், அதில் சந்தேகமில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். இந்தக் குளிரில் நேப்பியர் வளராமல் அப்படியே நிற்கும், ஓர் உறைபனி விழுந்தால் கருகிவிடும். சோளம் அதைவிட மோசம். பனியில் கருகிய சோளத்திலும், கருகியபின் துளிர்க்கும் இளங்குருத்திலும் சயனைடு நஞ்சு ஏறும், மாடு செத்துப்போகும். கூடலூர், கீழ்மலை போன்ற தாழ்ந்த பகுதிகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அங்கே நேப்பியரே போதும்.

பஞ்ச மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

மலையில் தீவனப் பஞ்சம் இரண்டு முறை வரும். பெரியது ஜனவரி முதல் மார்ச் வரை. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறும்போது கிக்கூயூ புல்லும் மேய்ச்சல் புல்லும் பழுப்பாகிவிடும். கோடை மழை வரும்வரை அது எழாது. இரண்டாவது பஞ்சம் ஜூலை, ஆகஸ்டில், தென்மேற்குப் பருவமழை ஓங்கி அடிக்கும் மேற்குப் பக்கத்தில் வருவது. புல் இருக்கும், ஆனால் அறுக்க முடியாது, அறுத்தாலும் அதில் வழக்கத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருக்கும். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்தப் பக்கத்தில் ஜூலையில் கதிர் தள்ளும்படி ஓட்ஸ் விதைத்தால், முழுப் பயிரும் சாய்ந்து அடியில் அழுகும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் நிலைமை வேறு. அங்கே வடகிழக்கு மழைதான் பெரிது, எனவே அக்டோபர், நவம்பரில்தான் சாயும் ஆபத்து.

இந்த மலையின் உருளைக்கிழங்கு விவசாயிகள் வைத்திருக்கும் மூன்று போகக் கணக்கையே நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். கார்போகம் கோடை மழையோடு மார்ச், ஏப்ரலில் தொடங்கும். கடைபோகம் ஆகஸ்ட், செப்டம்பரில். நீர்போகம் ஜனவரி, பிப்ரவரியில், பாசன வசதி உள்ளவர்களுக்கு மட்டும். புதியவருக்கு என் பரிந்துரை கடைபோகம்தான். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை விதைத்தால், பெரிய பனிக்கு முன் ஒரு நல்ல அறுவடை கையில் கிடைக்கும். அதைச் சைலேஜ் போட்டு ஜனவரி, பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மொத்த நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பச்சையாக வெட்டிப் போடுவதாக இருந்தால் நிலத்தை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து, இரண்டு வார இடைவெளியில் விதையுங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் முற்றினால், முதல் பத்து நாள் மாடு நல்ல தீவனம் தின்னும், அப்புறம் வைக்கோல்தான் தின்னும்.

எந்தத் தானியம்

படுகர் ஊர்களில் ஒரு காலத்தில் கோதுமையும் பார்லியும் சாமையும் மனிதருக்கான தானியமாக விளைந்தன. இந்தக் குளிர் தானியங்களுக்குப் புதிதல்ல. தீவனத்துக்கு என்று பார்த்தால் முதலிடம் ஓட்ஸுக்கு. தண்டு மென்மையாக இருக்கும், மாடு கழிக்காமல் தின்னும். இந்த மலையின் புளித்த (அமில) மண்ணையும் ஓரளவு தாங்கும்.

பார்லி ஓட்ஸைவிட விரைவாக வரும். நிலம் இரண்டு மாதம்தான் காலியாக இருக்கிறது என்றால் பார்லி கைகொடுக்கும். ஆனால் அமில மண்ணைத் தாங்காது, சுண்ணாம்பு போடாத நிலத்தில் மஞ்சளித்து நின்றுவிடும். கதிரில் மீசை வந்தபின் அறுத்தால் மாட்டின் வாய் புண்ணாகும். மக்காச்சோளம் ஏப்ரலில் விதைத்துப் பனிக்கு முன் முடிக்கக்கூடிய சரிவுகளில் நல்ல சைலேஜ் பயிர், பள்ளத்தில் வேண்டாம்.

கோதுமையைத் தீவனத்துக்காக வருடம் முழுக்க விதைக்க வேண்டாம் என்று சொல்வேன். சமவெளியில் கோடை வெயிலில் கோதுமைத் துருநோய் என்ற பூஞ்சை நோயின் வித்துகள் செத்துவிடும். நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் அவை பயிரிலேயே உயிரோடு தங்கி, காற்றில் கீழே இறங்கிச் சமவெளிக் கோதுமைக்குப் போகும். இப்படி மலையில் தங்கித்தான் துருநோய் ஆண்டுதோறும் பரவுகிறது என்பதைக் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் தாவர நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா காட்டினார். குன்னூர் அருகே வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருப்பதற்கும் இதுவே காரணம். இயற்கையாகவே துரு இருக்கும் இடத்தில் புதிய ரகங்களைச் சோதிக்க முடிகிறது. உங்கள் மாட்டுக்காக நீங்கள் வைக்கும் ஒரு பாத்திக் கோதுமை அடுத்தவர் வயலுக்கு நோயைக் கொடுக்கலாம்.

ரகம்

இப்போது ரகத்துக்கு வரலாம். கடையில் கிடைக்கும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான்: கென்ட், ஓ.எஸ். 6, ஜே.எச்.ஓ. 822, ஜே.எச்.ஓ. 851, யு.பி.ஓ. 212. கென்ட் வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியா முழுக்கப் பரவிய பழைய ரகம். ஓ.எஸ். ரகங்கள் ஹிசாரிலிருந்தும், ஜே.எச்.ஓ. ரகங்கள் ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும், யு.பி.ஓ. ரகங்கள் பந்த்நகரிலிருந்தும் வந்தவை.

இவற்றைப் புதியவர் இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஒரே வெட்டில் முழு எடையையும் கொடுப்பவை ஒன்று, வெட்டினால் திரும்பத் துளிர்ப்பவை இன்னொன்று. ஜே.எச்.ஓ. 851-ம் யு.பி.ஓ. 212-ம் பல வெட்டு ரகங்கள். பச்சையாகப் போடுபவருக்கு இவை. கென்டும் ஓ.எஸ். 6-ம் ஒரே தடவை அறுத்துச் சைலேஜ் போடுபவருக்கு ஏற்றவை. கென்டில் இரண்டாவது வெட்டும் எடுக்கிறார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

விதைப் பையில் அச்சடித்திருக்கும் நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வட இந்தியக் குளிர்காலத்துக்குப் போட்ட கணக்கு. ஓட்ஸ் நீண்ட பகலைப் பார்த்துக் கதிர் விடும் பயிர். பஞ்சாபில் பிப்ரவரி, மார்ச்சில் பகல் மளமளவென்று நீளும்போது கதிர் தள்ளும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகைக்கு அருகே. ஊட்டியில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம், மிக நீண்டது பன்னிரண்டே முக்கால் மணி நேரம். இதோடு குளிரும் சேர்ந்து வளர்ச்சியைத் தள்ளிப்போடும். பின்பருவ ரகமாக இருந்தால் இலை இலையாக வளர்ந்து, கதிருக்கு வெகுநாள் இழுக்கும். பச்சைத் தீவனத்துக்கு அது நல்லதுதான். சைலேஜுக்காக மணியில் பால் பிடிக்கக் காத்திருப்பவருக்கு, அதற்குள் உறைபனி வந்துவிடும். கடைபோகத்தில் சைலேஜ் போடுபவர் நடுத்தர வயதுடைய ரகத்துக்கு மேல் போகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் வருடம் ஒரே ரகத்தை நம்ப வேண்டாம். இரண்டு ரகத்தை அடுத்தடுத்த பாத்தியில் விதைத்து, எது முதலில் கதிர் விட்டது, எது சாய்ந்தது, எதில் இலைகளில் ஆரஞ்சுப் பொடியாகத் துரு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே ஊரில் பள்ளத்தில் இருப்பவருக்கும் மேட்டில் இருப்பவருக்கும் வேறு வேறு பதில் வரும். ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமும் இருக்கின்றன. இந்தக் குளிரில் கால்நடை வளர்ப்பவர்கள் அவர்கள். விதை வாங்குமுன் அங்கே போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வருவது நல்லது.

விதை வாங்கும்போது சான்று விதையா (அரசுச் சான்று பெற்றது), உண்மை நிலை விதையா (விற்பவரே தரத்தைக் குறிப்பது) என்று அட்டையைப் பாருங்கள். குதிரைத் தீவனமாக மூட்டையில் விற்கும் முழு ஓட்ஸ் மலிவாகக் கிடைக்கும். அது எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது, பாதி முளைக்காமலும் போகலாம். எந்த விதையானாலும் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணுங்கள். 85-க்குக் கீழே முளைத்தால் விதை அளவைக் கூட்ட வேண்டும்.

நிலம்

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சோலைக்காட்டை ஒட்டிய இயற்கைப் புல்வெளியை உழாதீர்கள். தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த புல்வெளி அது. மழைத் தண்ணீரைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விடுவதும் அதுதான். சீகை (வாட்டில்) மரங்களும் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் ஏற்கெனவே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. வனச்சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு முறை உழுத சோலைப் புல்வெளி உங்கள் வாழ்நாளில் பழைய நிலைக்குத் திரும்பாது. ஓட்ஸுக்கு ஏற்கெனவே காய்கறி விளையும் நிலம், படிக்கட்டு வரப்பு போட்ட நிலம் போதும்.

உருளைக்கிழங்கு நிலத்தில் ஓட்ஸ் விதைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு தானியப் பயிர்களில் பெருகாது. கிழங்கு, கேரட் என்று மாற்றி மாற்றிப் போகும் நிலத்தில் ஒரு போகம் ஓட்ஸ் வந்தால் அந்தப் போகம் புழுவுக்குப் பட்டினி. அறுத்த தீவனத்தோடு வேரும் மண்ணும் அடுத்த வயலுக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண் பரிசோதனை கட்டாயம். மலை மண்ணில் பி.எச். (அமில, கார அளவு) 5-க்கும் கீழே இருப்பது சாதாரணம். பரிசோதனை சொல்லும் அளவுக்கு டோலமைட் அல்லது சுண்ணாம்பை விதைப்புக்குச் சில வாரம் முன்பே போட்டுக் கலக்க வேண்டும். உரம் ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 16 கிலோ மணிச்சத்து என்பது பொதுவான அளவு. தழைச்சத்தில் பாதியை அடியுரமாகவும் மீதியை முதல் வெட்டுக்குப் பின் மேலுரமாகவும் கொடுக்கலாம். கேரட்டும் கிழங்கும் எடுத்த நிலமாக இருந்தால் முந்தைய உரம் மிச்சம் இருக்கும், எனவே தழைச்சத்தைக் குறைத்தே போடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விதைப்பு எளிது. ஏக்கருக்கு 35 முதல் 40 கிலோ, 20 முதல் 25 சென்டிமீட்டர் வரிசை, இரண்டு விரல் ஆழம், சரிவுக்குக் குறுக்கே வரிசை. பட்டாணி விதையைக் கால் பங்கு கலந்தால் புரதம் கூடும், கொடிக்கு ஓட்ஸ் தண்டே பந்தல். காட்டெருமையும் கடமானும் காட்டுப்பன்றியும் வரும் இடமாக இருந்தால், வீட்டுக்கு அருகில் உள்ள துண்டை ஓட்ஸுக்கு வையுங்கள். காட்டோரத்தில் இருக்கும் பச்சை ஓட்ஸ் ஓர் இரவுக்குத் தாங்காது.

அறுவடை: நாளை எண்ணாமல் தண்டைப் பாருங்கள்

எல்லாமே இந்த இடத்தில்தான் கூடும் அல்லது கெடும். ஒரே வயல், ஒரே விதை, ஒரே உரம். அறுக்கும் நாள் மூன்று வாரம் மாறினால் மாட்டின் முன் விழுவது வேறு தீவனம். தொண்டைக்கதிர்ப் பருவத்தில், அதாவது கதிர் வெளியே வராமல் கண்ணாடி இலையின் உறைக்குள் வீங்கி நிற்கும்போது, காய்ந்த எடையில் சுமார் 10 முதல் 12 சதவீதம் புரதம் இருக்கும். மணி மாவாகும்போது அது 7, 8 ஆக இறங்கும். எடை அந்த நாட்களில் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் பால் கறக்கும் மாட்டுக்கு அதில் கூடுவது பெரும்பாலும் தண்டின் நார்தான்.

பல வெட்டு ரகத்தில் முதல் வெட்டு எப்போது? சமவெளியில் 50 முதல் 60 நாள் என்பார்கள். மலையில் அது பிந்தும், எவ்வளவு பிந்தும் என்பது உங்கள் மேட்டையும் பள்ளத்தையும் பொறுத்தது. பயிர் முழங்காலைத் தாண்டியதும் வயலுக்குள் போங்கள். ஓரத்துப் பயிரை விட்டுவிட்டு, நடுவில் ஐந்தாறு இடத்தில் ஒவ்வொரு தண்டாக அடியோடு பிடுங்குங்கள். வெளி இலைகளை உரித்துவிட்டு, கட்டைவிரல் நகத்தால் தண்டை அடியிலிருந்து மேலாகக் கீறிப் பிளங்கள். உள்ளே வெள்ளையாக, ஊசி முனை போல ஒரு குருத்து தெரியும். அதுதான் பின்னால் கதிராகப் போகும் வளர்முனை. ஆரம்பத்தில் அது மண்மட்டத்தில் பத்திரமாக இருக்கும். தண்டு கணு விட்டு நீளும்போது மேலே ஏறும். அரிவாள் அதற்குக் கீழே பட்டால் அந்தத் தூர் முடிந்தது, பக்க மொட்டுகளிலிருந்துதான் மறுதாம்பு வர வேண்டும். எனவே முதல் கணு விரலுக்குத் தட்டுப்பட்டு, வளர்முனை ஏறத் தொடங்கியிருக்கும்போதே முதல் வெட்டை முடித்துவிடுங்கள். அறுக்கும்போது ஒரு கைப்பிடி முஷ்டி உயரம், 8 முதல் 10 சென்டிமீட்டர், கட்டை விட்டு அறுக்க வேண்டும். மண்ணை ஒட்ட அறுத்தால் அன்றைக்கு ஒரு கட்டு கூடுதலாகக் கிடைக்கும், அடுத்த வெட்டு போய்விடும். கூலிக்கு ஆள் வைப்பதாக இருந்தால் முதல் வரிசையை நீங்களே அறுத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது வெட்டு சுமார் ஆறேழு வாரத்தில் வரும். அதைக் கதிர் பாதி வெளிவரும்போது எடுத்துவிடலாம், அதற்குப் பின் துளிர்ப்பதை மேய்ச்சலுக்கு விட்டுவிடுங்கள்.

ஒரே வெட்டுப் பயிரில், பச்சையாகப் போட வயலில் பாதிக் கதிர் பூத்திருக்கும் நாள் சரியான நாள். சைலேஜுக்கு இன்னும் பொறுக்கலாம். மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளைப் பால் பீச்சும், சில நாளில் அது கெட்டியாகி இளக்கமான மாவாகும். இந்தப் பாலுக்கும் மாவுக்கும் இடையில் அறுத்தால் ஈரமும் மாவுச்சத்தும் சைலேஜுக்குத் தோதாக இருக்கும். துரு கடுமையாக வந்துவிட்டாலோ பயிர் சாய்ந்துவிட்டாலோ பருவத்துக்குக் காத்திருக்காதீர்கள், உடனே அறுத்துவிடுங்கள். உலர் தீவனமாகக் காயவைக்கலாம் என்ற எண்ணம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட வெயிலுக்கு மட்டும் சரி. மற்ற மாதங்களில் மூடுபனியில் அது காயாது, பூஞ்சைதான் பிடிக்கும்.

பனி விழுந்த பயிரும் நைட்ரேட்டும்

இளம் ஓட்ஸ் லேசான பனியைத் தாங்கும். பூக்கும் நேரத்தில் பனி விழுந்தால் கதிர் வெளுத்து மணி பிடிக்காது. குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும் என்பதால், பின்பருவ விதைப்புக்குச் சரிவின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

பனி விழுந்த மறுநாளே அறுத்து மாட்டுக்குப் போடக் கூடாது. ஓட்ஸ் மண்ணிலிருந்து நைட்ரேட்டை இழுத்து, வெயிலில் அதைப் புரதமாக்கும் பயிர். பனியடித்தாலோ, நாள் கணக்கில் மேகம் மூடியிருந்தாலோ, காய்ந்து கிடந்த வயலில் திடீரென மழை பெய்தாலோ, இழுப்பது நடக்கும், புரதமாக்குவது நின்றுபோகும். நைட்ரேட் தண்டின் அடிப்பகுதியில் தேங்கும். கேரட் நிலத்தில் தழைச்சத்தைக் குறைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதிகம் தின்ற மாட்டின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் சாக்லேட் நிறமாகும். மூச்சு வாங்கும், தள்ளாடும், ஈறும் கண்ணின் உட்புறமும் பழுப்பு நீலமாக மாறும். சில மணி நேரத்தில் செத்துவிடலாம். சினைமாடு கன்று வீசலாம். இந்த அறிகுறி தெரிந்த நிமிடமே தீவனத்தை எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள், நஞ்சை முறிக்கும் ஊசி மருந்து இருக்கிறது.

தடுப்பது எளிது. பனிக்குப் பின் நல்ல வெயில் ஐந்தாறு நாள் அடிக்கட்டும், பிறகு அறுங்கள். அறுக்கும்போது வழக்கத்தைவிட உயரமாகக் கட்டை விடுங்கள். காலையில் வேண்டாம், வெயில் ஏறிய பிற்பகலில் அறுங்கள். வெறும் வயிற்று மாட்டுக்குப் பச்சை ஓட்ஸ் மட்டும் போடாமல் வைக்கோலோடு கலந்து போடுங்கள். காயவைத்தால் நைட்ரேட் போகாது. சைலேஜில் நொதிக்கும்போது கணிசமாகக் குறையும்.

சைலேஜ், அப்புறம் தீவனக் கணக்கு

குழி வெட்ட மலையில் வசதி இல்லையென்றால் பிளாஸ்டிக் டிரம்மோ தடித்த சைலேஜ் பையோ போதும். மாவுப் பருவத்தில் அறுத்ததை நேரடியாக நறுக்கிப் போடலாம். இளசாக அறுத்ததை அரை நாள், ஒரு நாள் வாடவிட வேண்டும். நறுக்கிய தீவனத்தைக் கை நிறைய எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். விரல் இடுக்கில் சாறு வடிந்தால் ஈரம் அதிகம். உருண்டை உடனே சிதறினால் காய்ந்துவிட்டது. மெல்ல விரிந்து, கை ஈரமாக மட்டும் இருந்தால் சரியான பதம். அடுக்கடுக்காக மிதித்துக் காற்றை வெளியேற்றுங்கள், ஓட்ஸ் தண்டு உள்ளே கூடாக இருப்பதால் சோளத்தைவிடக் கூடுதலாக மிதிக்க வேண்டும். மழை புகாமல் மூடி, ஆறு வாரம் கழித்துத் திறக்கலாம். புளிப்பு மணம் வர வேண்டும். அழுகல் நாற்றமோ வெள்ளைப் பூஞ்சையோ இருந்தால் அந்தப் பகுதியை எருக்குழிக்கு அனுப்புங்கள்.

ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 20 முதல் 25 கிலோ பச்சை ஓட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். சமவெளியில் பாசனத்தோடு ஏக்கருக்கு 16 முதல் 20 டன் எடுக்கிறார்கள். நீங்கள் 12 டன் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அப்படிப் பார்த்தால் ஓர் ஏக்கர், ஐந்து மாட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வரும். புதுத் தீவனத்தை முதல் நாள் ஐந்து கிலோவில் தொடங்கி, பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பனியில் நனைந்த இலையை அப்படியே போட்டால் சாணி தண்ணீராகப் போகும். அறுத்ததைக் கொட்டகை ஓரத்தில் இரண்டு மணி நேரம் பரப்பி வைத்துவிட்டுப் போடுங்கள்.